பட்டமும் பட்டறையும்

கசார்வாடியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் போட நினைக்கிறவர் முதலில் கேட்பது, மாதம் எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதைத்தான். விற்பவர் ஓர் எண்ணைச் சொல்கிறார். புனே வட்டாரத்தில் ஒரு சதுர மீட்டர் சமதளத்தின் மேல், ஆண்டுச் சராசரியாக, ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 6 கிலோவாட்-மணி சூரிய ஆற்றல் விழுகிறது. கோடையில் இது கூடும், ஜூலை ஆகஸ்டில் மழைமேகம் கவிந்ததும் வெகுவாகக் குறையும். அவர் சொல்லும் எண் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. இப்போது செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் இதைக் கணிக்கிறார்கள். ஆனால் அந்தக் கணிப்பு சரிதானா என்று பார்க்க, தரையில் கருவி வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்த பதிவுகள் வேண்டும். கசார்வாடியில் லோக்கல் ரயில் ஏறினால், தாபோடி, கட்கி தாண்டி மூன்றாவது நிறுத்தம் சிவாஜிநகர். அங்கே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பழைய கட்டடம் இருக்கிறது. துறையின் தலைமையகம் 1928-ல் சிம்லாவிலிருந்து இங்கே வந்ததால், ஊர்க்காரர்கள் அதை இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே சொல்கிறார்கள். 1944-ல் தலைமையகம் தில்லிக்குப் போய்விட்டது. கருவிப் பிரிவு இங்கேயே தங்கிவிட்டது. இந்திய மண்ணில் விழும் வெயிலை நம்பத்தக்க முறையில் அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்யவைத்த இயற்பியலாளர் அன்னா மணி, 1948-ல் வேலைக்குச் சேர்ந்தது அந்தப் பிரிவில்தான். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1945-ல், சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்திருந்தது.

அறிவியலுக்குள் நுழைய ஒருவருக்கு இரண்டு வாசல்கள் திறக்கவேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். ஒன்று பட்டத்தின் வாசல். மற்றது பட்டறையின் வாசல்: கருவி, ஆய்வுக்கூடம், உடன் உழைக்கும் ஆட்கள், இதை அளந்து சொல் என்று ஒரு நிறுவனம் கொடுக்கும் பொறுப்பு. முதல் வாசலைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம், ஏனெனில் அதற்குச் சான்றிதழ் உண்டு, தேதி உண்டு. ஆனால் ஒருவரின் திறமை உலகுக்கு அறிவாக வந்து சேருமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவது வாசல்தான். முதல் வாசலைக் கடந்தும் இரண்டாவது வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரையும், முதல் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டும் இரண்டாவது திறந்துகொண்ட ஒருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாமவர் எட்வர்ட் பூஷே. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் 1852-ல் பிறந்த கறுப்பினத்தவர். 1876-ல் யேல் பல்கலைக்கழகத்தில், ஒளி கண்ணாடியில் எப்படி ஒடிகிறது என்பதை ஆராய்ந்து, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். எந்தத் துறையிலானாலும் அமெரிக்காவில் அப்போது இந்தப் பட்டம் அரிது. இயற்பியலில் அதைப் பெற்றிருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு ஆய்வுப் பணி தரவில்லை. பிலடெல்பியாவில் கறுப்பின மாணவர்களுக்கென்றே நடந்த ஒரு பள்ளியில் 26 ஆண்டுகள் இயற்பியலும் வேதியியலும் கற்பித்தார். 1902-ல் அந்தப் பள்ளி கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் பாடங்களைக் கைவிட்டுத் தொழிற்பயிற்சியின் பக்கம் திரும்பியபோது, அந்த இடமும் போயிற்று. அவர் காலமானது 1918-ல். அன்னா மணி பிறந்த அதே ஆண்டு. பூஷே நல்லாசிரியராக வாழ்ந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது பெரும்பேறு. ஆனால் யேலில் தொடங்கிய ஆராய்ச்சி அந்த ஆய்வேட்டோடு நின்றுவிட்டது. பட்டம் இருந்தது, பட்டறை இல்லை.

பூஷேயின் கதையைப் புனேயோடு சேர்த்துப் பேச ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தந்தது புனே நகரமே. 1848-ல் இங்கே பெண்களுக்குப் பள்ளி திறந்த ஜோதிராவ் புலே, சாவித்ரிபாய் இணையரில் ஜோதிராவ், 1873-ல் ‘குலாம்கிரி’ என்ற நூலை வெளியிட்டார். சாதியின் பெயரால் நடந்த அடிமைத்தனத்தைப் பற்றிய அந்த நூலை, கறுப்பின மக்களின் அடிமைத்தளையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அவர் காணிக்கையாக்கினார். பூஷே பட்டம் பெறுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, இந்த ஊரில் ஒருவர் இரண்டு நாடுகளின் அநீதியையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார். ஆகவே இந்த ஒப்பீட்டை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லமுடியாது. அதை அறிவியலின் வரலாற்றுக்கு நீட்டிப் பார்ப்பது மட்டுமே இங்கே புதிது.

அன்னா மணி பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் ஆனர்ஸ் படித்து, 1940-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு உதவித்தொகை பெற்று, சி.வி. ராமனிடம் சேர்ந்தார். வைரங்களும் மாணிக்கங்களும் ஒளிபட்டால் உமிழும் ஒளியை ஆராய்வது அவருக்கு வாய்த்த வேலை. படிகத்தைத் திரவக் காற்றின் கடுங்குளிரில் வைத்து, மங்கலான அந்த ஒளியை நிறப்பிரிகை செய்து, புகைப்படத் தகட்டில் பதியவேண்டும். ஒரே ஒரு பதிவுக்குச் சில சமயம் 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் விழித்திருந்து இப்படி முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களை ஆராய்ந்தார். 1942-க்கும் 1945-க்கும் இடையில் தன் பெயரில் மட்டும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அக்காலத்தில் இந்திய அறிவியல் கழக மாணவர்களுக்குப் பட்டம் வழங்கும் உரிமை சென்னைப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. எம்.எஸ்சி. இல்லாதவருக்கு முனைவர் பட்டம் கிடையாது என்று அது சொல்லிவிட்டது.

விதி விதிதானே, அதில் அநீதி எங்கே வந்தது என்று கேட்கலாம். பல்கலைக்கழகம் விதிகளின்றி நடக்கமுடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு விதி எதைக் காக்கிறது என்று பார்த்துத்தான் அதை மதிக்கவேண்டும். எம்.எஸ்சி. கேட்பது, ஆராய்ச்சி செய்யும் அளவுக்கு ஒருவருக்குப் பாட அறிவு இருக்கிறதா என்று சோதிக்க. ஐந்து தனிக் கட்டுரைகளும் ஓர் ஆய்வேடும் மேசைமேல் இருக்கும்போது அந்தச் சோதனைக்கு விடை ஏற்கனவே கிடைத்துவிட்டது. ஆனர்ஸ் பட்டத்தை நம்பித்தான் அவருக்கு ஆய்வு உதவித்தொகையே தரப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த விதி மாற்றமுடியாததும் அல்ல: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் போதிய மதிப்பெண் பெற்றவர் முதுநிலைப் பட்டமின்றியே முனைவர் ஆய்வில் சேரலாம். விதி எழுதுகிறவர்கள் மனம்வைத்தால் மாறக்கூடிய ஒன்றுக்காகத்தான் 1945-ல் ஒரு முடிந்த ஆராய்ச்சி அங்கீகாரமின்றி நின்றது.

அதே ஆண்டில் அரசு உதவித்தொகையோடு அவர் லண்டன் போனார். இயற்பியல் ஆராய்ச்சி செய்யத்தான் போனார். கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி. சுதந்திர இந்தியாவுக்கு 1948-ல் திரும்பி, எஸ்.பி. வெங்கிடேசுவரன் பொறுப்பில் இருந்த புனே கருவிப் பிரிவில் சேர்ந்தார். அதுவரை சாதாரண வெப்பமானி, காற்றழுத்தமானி முதற்கொண்டு பெரும்பாலான கருவிகள் பிரிட்டனிலிருந்தே கப்பலில் வந்தன. போர்க்காலத்தில் அந்த வரத்து நின்றபோது, இரவல் கருவியால் வானத்தைப் படிக்கும் நாடு எவ்வளவு பலவீனமானது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெங்கிடேசுவரன் உருவாக்கியிருந்த தொழிற்கூடத்தில் லேத்தும் அரமும் கண்ணாடி ஊதும் உலையும் இயங்கின. அன்னா மணி அதற்குக் கொண்டுவந்தது ஓர் ஒழுங்கு. ஏறக்குறைய 100 வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தினார். யார் கடைந்தாலும், எந்த ஆண்டு கடைந்தாலும், ஒரே கருவியாக வரவேண்டும் என்பது நோக்கம். 1953 வாக்கில் அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை செய்தார்கள்.

இந்த ஒழுங்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது சூரியக் கதிர்வீச்சுமானியைப் பார்த்தால் புரியும். கறுப்புப் பூச்சுப் பூசிய ஒரு பரப்பு வெயிலில் சூடாகிறது. இரு வேறு உலோகங்களின் இணைப்புகள் அந்தச் சூட்டு வேறுபாட்டை மிகச் சிறிய மின்னழுத்தமாக மாற்றுகின்றன. காற்று வந்து சூட்டைக் கொண்டுபோகாதிருக்க மேலே கண்ணாடிக் குவிமாடம். சொல்லும்போது எளிது. கிடைக்கும் மின்னழுத்தமோ வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு. கறுப்புப் பூச்சு வெளிறினால் தவறு, குவிமாடத்தில் தூசு படிந்தால் தவறு, கருவி மட்டமாக உட்காராவிட்டால் தவறு. இத்தவறுகளில் எதுவும் சத்தம்போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. எண் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கருவியையும் குறித்த காலத்தில் ஒரு மூலக் கருவியோடு ஒப்பிட்டு அளவுத்திருத்தம் செய்யவேண்டும். ஸ்வீடனின் ஓங்ஸ்ட்ரோம் வடிவமைத்த மூலக் கருவியின் தந்திரம் அழகானது: இரண்டு கறுத்த உலோகப் பட்டைகள்; ஒன்று வெயிலில், மற்றது நிழலில். நிழலில் உள்ளதற்கு மின்சாரம் கொடுத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை கூட்டுகிறார்கள். அப்போது செலவாகும் மின்சாரமே வெயிலின் அளவு. மூலக் கருவியிலிருந்து தொலைதூர நிலையத்தின் கருவிவரை இந்த நம்பிக்கைச் சங்கிலியை அறுபடாமல் நீட்டுவதுதான் அன்னா மணி எடுத்துக்கொண்ட வேலை. 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி இந்தியாவில் கதிர்வீச்சு நிலையங்களின் வலையை நிறுவினார். பின்னர் பலூனில் கட்டி மேலே அனுப்பும் ஓசோன் அளவியையும் துறை சொந்தமாக உருவாக்கியது. அத்தகைய கருவியைத் தானே செய்யும் நாடுகள் உலகில் சிலவே.

இங்கே எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பூஷேயின் பள்ளி 1902-ல் தொழிற்பயிற்சிக்குத் திரும்பியபோது இயற்பியல் வெளியேறியது. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைவேலை போதும், மூளைவேலை எதற்கு என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. நம் நாட்டில் இதே பிரிவினைக்குச் சாதி என்று பெயர். ஓதுகிறவர் ஓரிடம், உலோகத்தோடு உழைக்கிறவர் ஓரிடம். புனேயின் கருவிப் பிரிவில் இவ்விரண்டும் ஒரு கூரையின் கீழ் வந்தன. கடைசல்காரர் ஏன் இவ்வளவு நுணுக்கம் கேட்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. இயற்பியலாளர் எந்த அளவுவரை உலோகம் ஒத்துழைக்கும் என்று அவரிடம் கேட்கவேண்டியிருந்தது. பல்கலைக்கழக நாற்காலி எதிலும் அமராத அன்னா மணியை ஆசிரியர் என்று நான் கருதுவது இதனால்தான். வகுப்பறையோ தேர்வோ இல்லாமல், ஒரு தலைமுறைத் தொழில்நுட்பர்களுக்கு அளவீட்டின் நேர்மையை அவர் கற்றுக்கொடுத்தார்.

அடுத்து வரும் மறுப்பு வலுவானது, ஏனெனில் அது அவரிடமிருந்தே வருகிறது. முனைவர் பட்டம் இல்லாதது தன்னை எவ்வகையிலும் பாதிக்கவில்லை என்றே அன்னா மணி பிற்காலத்தில் கருதினார். பெண் என்பதைப் பெரிதுபடுத்திப் பேசுவதையும் விரும்பவில்லை. பாதிக்கப்பட்டவரே குறைசொல்லாதபோது நாம் ஏன் சொல்லவேண்டும்? அவர் தன்மானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் தன் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் கொள்ளும் மனநிலை வேறு. ஒரு கதவு எத்தனை பேரை வெளியே நிறுத்தியது என்ற கணக்கு வேறு. கருவியைக் கையாள்வதில் ஒரு பெண் சின்னப் பிழை செய்தாலும், பெண்களுக்கே இது வராது என்று சில ஆண்கள் உடனே பேசிவிடுவார்கள் என்பதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அதே ராமன் கூடத்தில் ஆராய்ச்சி செய்து கட்டுரைகள் வெளியிட்ட சுனந்தா பாய்க்கும் பட்டம் கிடைக்கவில்லை. அவர் இளம்வயதிலேயே இறந்துபோனார். 1933-ல் கமலா பாகவத்தை, பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவரை, பெண் என்பதால் ராமன் முதலில் சேர்த்துக்கொள்ள மறுத்தார். விடாப்பிடியாக நின்று, ஓராண்டு சோதனைக் காலத்தோடு இடம் பெற்று, 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவரானார் அவர். இவர்களில் வென்றவர்களை மட்டும் எண்ணினால், கதவு ஒன்றும் செய்துவிடவில்லை என்றுதான் தோன்றும். அன்னா மணியைக் காப்பாற்றியது மறுப்பின் மென்மை அல்ல. புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு நாடு தன் கருவிகளைத் தானே செய்தாகவேண்டிய கட்டாயத்தில் இருந்த அதே தருணத்தில் அவர் அங்கே வந்து சேர்ந்தார். அந்தத் தேவை பத்தாண்டு முன்போ பின்போ வந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்பதற்கு அவருடைய திறமை மட்டும் பதில் சொல்லாது.

இன்னொரு மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். அன்னா மணி வசதியான வீட்டுப் பெண். தந்தை பொறியாளர், ஏலக்காய்த் தோட்டங்களின் உரிமையாளர். அடிமைமுறை இன்னும் ஒழியாதிருந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பூஷேயோடு அவரை நிறுத்துவது பொருந்துமா? முழுதாகப் பொருந்தாது. பூஷேயின் மேல் விழுந்த சுமைக்கு நெருக்கமான இந்திய உதாரணம் மேகநாத சாகா. டாக்கா அருகே ஒரு சிறு கடைக்காரரின் மகன். கல்கத்தா விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தார்கள். விண்மீன்களின் நிறமாலையை வாசிக்கும் சாவியாக அமைந்த அயனியாக்கச் சமன்பாட்டை 1920-ல் தந்தவர் அவர். அலகாபாத்தில் துறையைக் கட்டினார், கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை எழுப்பினார். சாகாவும் நிறுவனங்களைக் கட்டுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். பட்டறை இல்லாமல் பட்டம் மட்டும் என்ன செய்யும் என்பது வெளியே நின்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சாதியைத் தாண்டிய சாகாவையும் பெண் என்ற தடையைத் தாண்டிய அன்னா மணியையும் ஒருவர் தடையால் மற்றவர் தடையை மறைக்காமல் பார்க்கவேண்டும். அந்த வகையில் இந்த மறுப்பு என் வாதத்தைக் கூர்மையாக்கவே செய்கிறது.

அன்னா மணி 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். அதன்பின் வந்ததுதான் தமிழ்நாட்டுக்கு நேரடியாக உதவியது. 1980-ல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளுக்கான கையேடு, அடுத்து எஸ். ரங்கராஜனுடன் சேர்ந்து இந்தியாவின் மேல் விழும் கதிர்வீச்சைப் பற்றிய நூல், 1983-ல் டி.ஏ. மூலேயுடன் காற்றாற்றல் தரவுகள். காற்றில் அளவீட்டுப் பிழை வெயிலைவிடக் கொடியது, ஏனெனில் காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வினாடிக்கு 5 மீட்டர் வீசும் காற்றை 5.5 என்று பதிவுசெய்துவிட்டால் பிழை வேகத்தில் 10 விழுக்காடுதான். ஆற்றல் கணக்கில் அது 33 விழுக்காடாகிவிடும். அந்தக் கணக்கை நம்பிப் போட்ட கடன் மூழ்கும். தூத்துக்குடிப் பக்கம் 1986-ல் முதல் காற்றாலைகள் நின்றன. பிறகு முப்பந்தலும் கயத்தாறும் நிறைந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. இதற்குப் பலர் காரணம், ஆனால் எங்கே எவ்வளவு காற்று என்று சரியாக அளந்து சொன்னது முதல் படி.

இந்த வரலாற்றில் எழுதப்படாமல் கிடக்கும் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. அந்த 121 பேர். கண்ணாடியை ஊதியவர்கள், பித்தளையைக் கடைந்தவர்கள், சுற்றுச்சுருளில் கம்பி சுற்றியவர்கள். நூல்களில் அன்னா மணியின் பெயரும், ரங்கராஜனின் பெயரும், மூலேயின் பெயரும் இருக்கின்றன. இவர்களின் பெயர்கள் இல்லை. இவர்களில் எத்தனை பேர் எந்தச் சாதியிலிருந்து வந்தார்கள், எத்தனை பேருக்கு மேலே ஏற வழி இருந்தது, யாராவது தாமாக ஒரு கருவியை மேம்படுத்தி, அதற்குரிய பெயரைப் பெறாமல் போனார்களா என்பதையெல்லாம் தேடவேண்டும். துறையின் பணிப் பதிவேடுகளிலிருந்து தொடங்கலாம். அந்தத் தொழிலாளர்களின் குடும்பங்கள் இன்னும் சிவாஜிநகரிலும் கட்கியிலும் தாபோடியிலும் கசார்வாடியிலும் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். மராட்டி தெரிந்த ஓர் இளம் ஆய்வாளர் முனைந்தால், பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே அவற்றை எழுதிவைத்துவிடலாம்.